மணிலாவைக் காட்டுப் பன்றியிடமிருந்து காப்பது எப்படி?

செஞ்சி வட்டாரத்தில் மணிலா பயிரிடும் சிறு விவசாயிக்குக் காய் திரளும் நாளிலிருந்து பிடுங்கும் நாள் வரை நல்ல உறக்கம் இல்லை. மாலை வரை செழிப்பாக இருந்த கொல்லை, விடியும்போது ஏர் ஓட்டியதுபோல் கிளறிக் கிடக்கும். செடி ஒருபுறம், தோல் ஒருபுறம், காய் மட்டும் இராது. ஒரு கூட்டம் பன்றி ஓர் இரவு புகுந்தால், விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடனை அடைக்கும் வழியும் அத்தோடு போய்விடும்.

இந்த இழப்பைத் தாங்க முடியாத சிலர் மின்கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டிவிடுகின்றனர். வடமாவட்டங்களில் இத்தகைய கம்பியில் சிக்கிப் பன்றி மட்டுமன்றி ஆடு, மாடு, மனிதர் மாண்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சச் சென்ற பக்கத்துக் கொல்லைக்காரரும், கம்பி கட்டியவரே கூடவும் இவ்வாறு உயிரிழந்ததுண்டு. பயிரையும் காக்க வேண்டும், உயிரிழப்பும் கூடாது. இதற்கு என்ன வழி என்பதைச் செஞ்சிப் பகுதி விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியம்.

பன்றி பெருகக் காரணம்

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டம் பாறைக் குன்றுகளும் ஏரிகளும் நிறைந்தது. பக்கமலை முதலிய காப்புக்காடுகளை ஒட்டியே பல கிராமங்களின் கொல்லைகள் உள்ளன. செஞ்சி மலைப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றுக்கு வராக நதி என்ற பெயரும் உண்டு. வராகம் என்பது பன்றியைக் குறிக்கும் சொல்.

பெண் பன்றியின் சினைக்காலம் சுமார் 115 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனுவது சாதாரணம். தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வளர்ந்த ஆண் பன்றி பெரும்பாலும் தனித்துத் திரியும். புலி, செந்நாய் போன்ற விலங்குகள் இல்லாத சிறு காடுகளில் இப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த இயற்கையில் வேறு வழியில்லை. குட்டிகளைப் பிடித்துத் தின்னும் நரியும் பல இடங்களில் அருகிவிட்டது.

மற்றொரு காரணம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல். காட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியுள்ள ஏரியிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் இந்த முட்புதர் அடர்ந்துவிட்டது. பகலில் படுக்க நிழல், புரளச் சேறு, குடிக்கத் தண்ணீர் ஆகிய மூன்றும் ஓரிடத்திலேயே கிடைப்பதால் பன்றி அங்கேயே தங்கிக் குட்டி போடுகிறது. கரும்புத் தோட்டமும் அதற்கு நல்ல மறைவிடம். ஆகவே "காட்டிலிருந்து வருகிறது" என்று எல்லா இடத்திலும் சொல்வதற்கில்லை. பல ஊர்களில் அது ஊருக்குள்ளேயே குடியிருக்கிறது. முதலில் கால்தடம் பார்த்து, பன்றி எந்தத் திசையிலிருந்து வருகிறது, பகலில் எங்கே படுக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பின்னர் செய்யும் வேலைகள் யாவும் இதைப் பொறுத்தே அமையும்.

எப்போது வருகிறது?

பன்றிக்குக் கண்பார்வை மந்தம். மோப்பம் மிகக் கூர்மை. மண்ணுக்குள் இருக்கும் பருப்பையும் கிழங்கையும் மூக்கால் அறிந்துவிடும். மணிலாவில் இரண்டு கட்டங்களில் சேதம் மிகுதி. விதைத்த முதல் பத்து நாட்களில் பாத்தியோடு விதையைக் கிளறித் தின்னும். பிறகு விழுது இறங்கிக் காய் பிடிக்கும் 55-ஆம் நாள் முதல் பிடுங்கும் வரை மீண்டும் வரும். நெல்லில் பால் பிடிக்கும் தருணத்தில் புகுந்து தின்பதைவிட உழக்கிப் பாழாக்குவதே அதிகம். கரும்பில் அடிக்கரணைகளைக் கடித்துச் சாய்க்கும். மரவள்ளியில் கிழங்கைத் தோண்டும்.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகும். 105 நாள் பயிரில் ஏறத்தாழ 60 இரவுகள்தான் கடுங்காவல் தேவைப்படும். அந்த 60 இரவுகளைத் திட்டமிட்டுக் காத்தால் பெரும்பகுதி மகசூலைக் காப்பாற்றிவிடலாம்.

ஒரே வாரத்தில் விதைப்பு

செலவே இல்லாத முதல் பாதுகாப்பு இதுதான். ஒரே கொல்லைவெளியில் உள்ள விவசாயிகள் பட்டம் பார்த்து ஒரே வாரத்தில், ஒத்த வயதுடைய இரகங்களை விதைக்க வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்களில் அந்தந்தப் பட்டத்திற்கு ஏற்றது எது என்று வேளாண் அலுவலரைக் கேட்டு அனைவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். ஒருவர் முன்னதாகவும் மற்றொருவர் இருபது நாள் கழித்தும் விதைத்தால், பன்றிக்கு விருந்து நாட்கள் நீளும். எல்லோரும் பிடுங்கிய பின் தனித்து நிற்கும் கடைசிக் கொல்லையில் மொத்தக் கூட்டமும் இறங்கும். சேர்ந்து விதைத்தால் காவலும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடியும்.

ஓரப்பயிரும் மோப்பத் தடையும்

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பறவை, விலங்குகளால் ஏற்படும் பயிர்ச்சேதம் குறித்து ஆராய்ச்சி நடைபெற்று வந்துள்ளது. மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கும், மணிலாவைச் சுற்றி முள் நிறைந்த குசும்பாவும் நெருக்கமாக நான்கு வரிசை விதைக்கும்படி அங்கு பரிந்துரைத்துள்ளனர். ஆமணக்கின் வாடை பயிரின் மணத்தை மறைக்கிறது. பன்றி அதைத் தின்பதும் இல்லை. குசும்பாவின் முள் அதன் மூக்கையும் முகத்தையும் குத்துகிறது.

செஞ்சிப் பகுதிக்கு ஆமணக்கு புதியதன்று. மணிலாவைத் தாக்கும் புரொடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையை விரும்பி முட்டையிடும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் புழுவும் கட்டுப்படும். ஆகவே ஓரத்தில் ஆமணக்கு விதைப்பதால் இரட்டைப் பயன் உண்டு. ஆனால் வரிசைக்கு ஒரு செடி என ஆங்காங்கே ஊன்றினால் போதாது. இடைவெளியின்றி நெருக்கமாக இருக்க வேண்டும். மணிலா விதைப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே ஓரத்தில் ஆமணக்கை விதைத்துவிட்டால், காய் பிடிக்கும் தருணத்தில் அது நல்ல தடுப்பாக நிற்கும்.

முடிதிருத்தும் கடையிலிருந்து கொண்டுவரும் தலைமுடியை வரப்பைச் சுற்றி ஓரடி அகலத்திற்குத் தூவுவதும் பல இடங்களில் வழக்கம். மோந்துகொண்டே வரும் பன்றியின் மூக்கில் முடி ஏறி உறுத்துவதால் அது விலகிச் செல்லும். அழுகிய முட்டைக் கரைசலை ஓரத்தில் தெளிப்பது, எருமுட்டையைப் புகைய விடுவது, பழைய வண்ணச் சேலைகளை ஓரம் முழுவதும் கட்டுவது ஆகியனவும் கையாளப்படுகின்றன. கடையில் விற்கும் விரட்டி மருந்துகளும் இந்த மோப்ப முறையையே பின்பற்றியவை.

இவை எதுவும் பருவம் முழுவதற்கும் பலன் தராது. பன்றி கூரிய அறிவுள்ள பிராணி. ஆபத்தில்லை என்று கண்டுகொண்டால் பத்து நாளில் சேலையைத் தாண்டி வந்துவிடும். மழை பெய்தால் முடியும் கரைசலும் பயனற்றுப் போகும். எனவே வாரத்திற்கு ஒரு முறை மாற்றி மாற்றிக் கையாள வேண்டும். விதைப்பின்போது ஒன்று, காய் பிடிக்கும்போது வேறொன்று என வைத்துக்கொள்வது நலம்.

அகழியும் வேலியும்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் மதிலோடு நிற்கவில்லை, அகழியும் வெட்டினார்கள். கொல்லைக்கும் அது பொருந்தும். பன்றி வரும் பக்கத்தில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் செங்குத்தான கரையுடன் சிறு அகழி வெட்டினால் கூட்டமாக வரும் குட்டிகளும் தாயும் தயங்கித் திரும்பும். பாறை நிலத்தில் இது இயலாது. மழைக்குப்பின் கரை சரிந்தால் மீண்டும் சீர் செய்ய வேண்டும்.

முள்கம்பி வேலி போடுவோர் அடிக்கம்பியை உயரத்தில் கட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. பன்றி தாண்டுவதைவிட, கீழே நுழைந்து தூக்கிக்கொண்டு போவதே அதிகம். அடிக்கம்பி தரையிலிருந்து அரை அடிக்குமேல் இருக்கலாகாது. வலைக்கம்பியானால் ஓரடி மண்ணுக்குள் புதைத்திருக்க வேண்டும். கிளுவை, கள்ளி, கற்றாழை, கொடுக்காப்புளி கொண்டு உயிர்வேலி அமைப்போர், அடிப்பகுதி அடர்ந்து வளரும்படி முதல் இரண்டு ஆண்டுகள் கவாத்து செய்து வர வேண்டும். பனையை வரிசையாக நெருக்கி நட்டால் பல தலைமுறைக்கும் வேலியாகும்.

சூரிய மின்வேலி கொல்வதில்லை, ஏன்?

நேரடி மின்கம்பிக்கும் சூரிய மின்வேலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறியவில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இடைவிடாமல் பாய்வது. அதைத் தொட்டவரின் தசை இறுகிக் கையை விடுவிக்க முடியாமல் போகும். இதயம் நின்றுவிடும். சூரிய மின்வேலியில் உள்ள கருவி, மின்கலத்தின் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட் துடிப்பாக மாற்றுகிறது. ஆனால் அத்துடிப்பு சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறைதான் வரும். அதுவும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். சுரீரென்று அதிர்ச்சி ஏற்படும். அடுத்த துடிப்புக்குள் விலகிக்கொள்ள நேரம் இருக்கும். தர முத்திரை பெற்ற கருவிக்குத்தான் இது பொருந்தும். உள்ளூரில் தாமாக இணைத்துச் செய்த கருவிகளை நம்பக் கூடாது.

பன்றியின் தடித்த மயிரில் கம்பி பட்டால் அதற்கு உறைப்பதில்லை. ஈரமான மூக்கில் பட வேண்டும். ஆகவே கீழ்க்கம்பிகளை அரை அடி, ஓரடி, ஒன்றரை அடி உயரங்களில் கட்ட வேண்டும். கம்பியில் புல்லும் கொடியும் பட்டால் மின்துடிப்பு மண்ணில் இறங்கி வீணாகும். வாரம் ஒரு முறை வேலி ஓரத்தைக் கொத்திச் சுத்தம் செய்வது கட்டாயம். கோடையில் செம்மண் காய்ந்து கிடந்தால் மின்சுற்று முழுமை பெறாது. நிலத்தில் அடித்த மின்தரைக் கம்பிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். ஆளும் மாடும் நடமாடும் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023-இல் மின்வேலிகளுக்கான பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அதன்படி காப்புக்காடுகளை அடுத்துள்ள நிலங்களில் மின்வேலி அமைக்க வனத்துறையின் அனுமதி தேவை. முன்பே அமைத்திருப்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சூரிய மின்வேலிக்கு மானியம் வழங்கும் திட்டமும் செயல்படுத்தப்பட்டுள்ளது. நடப்பு ஆண்டின் ஒதுக்கீட்டையும் மானிய அளவையும் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

சேர்ந்து போட்டால் மூன்றில் ஒரு பங்கு

ஓர் ஏக்கர் சதுரக் கொல்லையின் சுற்றளவு ஏறத்தாழ 836 அடி. பத்து விவசாயிகள் தனித்தனியே தம் ஓர் ஏக்கருக்கு வேலி போட்டால் மொத்தம் 8,360 அடி கம்பி வேண்டும். அந்தப் பத்து ஏக்கரும் ஒன்றாக 660 அடிக்கு 660 அடி என்று அமைந்திருந்தால், சுற்றிலும் 2,640 அடி வேலியே போதும். ஒருவர் பங்குக்கு 264 அடிதான் வரும். மின்கலமும் கருவியும் பத்துக்குப் பதில் ஒன்றே போதும். சிறு விவசாயிக்குத் தனி வேலி கட்டுப்படியாகாது. கூட்டு வேலி கட்டுப்படியாகும்.

இரவுக் காவலும் அவ்வாறே. 20 குடும்பங்கள் சேர்ந்து இரவுக்கு நான்கு பேர் என முறை வைத்தால், 60 இரவுகளுக்கு ஒருவர் 12 இரவு விழித்தால் போதும். காவலுக்குப் பரண் அமைத்துக்கொள்ள வேண்டும்; தரையில் படுக்கக் கூடாது. டின் தட்டுதல், பலமான விளக்கு அடித்தல் போதுமானவை. குட்டியோடு நிற்கும் தாய்ப்பன்றியையும் காயம்பட்ட பன்றியையும் மடக்க முயலக் கூடாது. தப்ப வழி விட்டு, காட்டை நோக்கியே விரட்ட வேண்டும். பன்றி தாக்கிக் காயம் ஏற்பட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்க பெரிய வேலை ஏரியிலுள்ள சீமைக்கருவேலை உரிய அனுமதியுடன் அகற்றுவது. பன்றியின் படுக்கை போய்விட்டால் அது ஊரில் தங்காது. ஏரியின் கொள்ளளவும் கூடும். அறுவடைக்குப் பின், காட்டை ஒட்டிய புதர்களை மட்டும் விட்டுவைத்து, கொல்லைவெளியின் நடுவிலுள்ள புதர்களை நீக்கலாம்.

மின்கம்பி, அவுட்டுக்காய், விஷம் கூடாது

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாகக் கட்டிய மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த தீனியைக் கடித்துக் கருவுற்ற யானை ஒன்று இறந்தது நாடெங்கும் பேசப்பட்டது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை மாடும் கடிக்கும். குழந்தையும் எடுத்து விளையாடும்.

மின்கம்பியில் ஒருவர் இறந்தால் மரணம் விளைவித்த வழக்கும் மின்திருட்டு வழக்கும் சேர்ந்து வரும். ஒரு பருவத்து மணிலாவுக்காக இரண்டு குடும்பங்கள் அழிவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஏற்கெனவே கம்பி கட்டியிருப்போர் இன்றே அவிழ்த்துவிட வேண்டும்.

சட்டம் தரும் வழி

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பன்றியை விவசாயி தாமே கொல்லவோ இறைச்சியை வைத்திருக்கவோ கூடாது. ஆயினும் பயிர்ச்சேதத்தைக் கருதி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடுவர். 3 கிலோமீட்டருக்கு அப்பால் திரிந்து சேதம் செய்யும் பன்றிகளை, பயிற்சி பெற்ற துறையினர் மட்டும் சுடலாம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இதற்கான அதிகாரம் தரப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் முறை வேறு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எனவே தம் கொல்லை காப்புக்காட்டிலிருந்து எத்தனை தூரம் என்பதைச் செஞ்சி வனச்சரக அலுவலகத்தில் ஒவ்வொரு ஊரும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர் ஆகியோரின் மூலம் எழுத்து மூலமாக மனுக் கொடுத்தால்தான் நடவடிக்கைக்கு வழி பிறக்கும்.

சேதத்திற்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. சேதமான மறுநாளே, கிளறிய மண்ணைச் சமன் செய்வதற்கு முன், புகைப்படம் எடுத்து வனவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவிக்க வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல்களைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுவோர் அடங்கலில் தம் பெயர் ஏறியுள்ளதா என்று விதைத்தவுடனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் 2026 காரீப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இதற்கு 72 மணி நேரத்திற்குள் கைபேசிச் செயலி வழியே படத்துடன் தெரிவிக்க வேண்டும். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு குறிப்பிட வேண்டியிருப்பதால், பிரீமியம் கட்டும்போதே விவரம் கேட்டுக்கொள்ளுதல் அவசியம்.

மயிலும் குரங்கும்

மயில் பெரும்பாலும் நடந்தே வயலில் நுழையும். விதைத்த பத்து நாட்களும் வரப்போரம் பழைய மீன்வலையை இரண்டு, மூன்று அடி உயரத்திற்குக் கட்டினால் சேதம் குறையும். விதையை ஆழம் மாறாமல் ஊன்றி நன்கு மூட வேண்டும். மயில் நம் தேசியப் பறவை. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பூச்சிமருந்து கலந்த தானியம் வைப்பதும் இக்குற்றத்தில் சேரும்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றது. பயணிகள் பெருகினால் அவர்கள் போடும் தின்பண்டத்தை நம்பி வாழும் குரங்குகளும் பெருகும். ஆள் வராத நாளில் அவை அருகிலுள்ள கொல்லைக்கே வரும். குரங்குக்குத் தீனி போடாமலிருக்கப் பயணிகளுக்கு அறிவுறுத்துவதும், குப்பையை மூடி வைப்பதும் கோட்டைக்கு மட்டுமன்றி விவசாயிக்கும் நன்மை தரும்.

காட்டினால் கிடைக்கும் பயன்

குன்றிலுள்ள காடு மழைநீரைப் பிடித்து ஏரிக்கும் கிணற்றுக்கும் அனுப்புகிறது. ஆந்தையும் நரியும் சாரைப்பாம்பும் எலியை ஒழிக்கின்றன. பன்றியும் காட்டில் இருக்கும்வரை மண்ணைக் கிளறி வேர்ப்புழுக்களைத் தின்கிறது. அதைக் காட்டிலேயே நிறுத்தி வைப்பதே நோக்கமாக இருக்க வேண்டும். காட்டில் கிழங்கும் பழமரமும் அழியாமல், மேய்ச்சலும் தீவைப்பும் குறைந்து, சிறு குட்டைகளில் கோடையிலும் நீர் இருந்தால், விலங்கு கொல்லைக்கு இறங்கி வருவது குறையும்.

வரும் பட்டத்திற்கு விதை வாங்குமுன் ஊர்க்கூட்டம் ஒன்று கூட்டி, விதைக்கும் வாரம், ஓரப்பயிர், காவல் முறை, கூட்டு வேலிக்கான விண்ணப்பம், ஏரியில் புதர் அகற்றும் மனு ஆகிய ஐந்தையும் முடிவு செய்துகொள்வது நல்லது. தொழில்நுட்ப விளக்கங்களுக்குச் செஞ்சி வேளாண்மை விரிவாக்க மையத்தையும், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், அனுமதி, இழப்பீடு பற்றிச் செஞ்சி வனச்சரக அலுவலகத்தையும் அணுகலாம்.